கோட்டுக்கு மேல ஒரு சொட்டு

சாவு வீட்டுல எல்லாரையும் சிரிக்க வச்ச முட்டாள் நான். அதுவும் மைக்ல.

எங்க சபையில யாரு செத்தாலும் "ரெண்டு வார்த்த பேசுங்க"ன்னு என்னைத்தான் கூப்பிடுவாங்க. எனக்கு ஞானம் இருக்குன்னு இல்ல, என்கிட்ட சொந்தமா மைக்கும் ஸ்பீக்கரும் இருக்கு. பகல்ல கார் இன்சூரன்ஸ் விக்கிறேன், சனிக்கெழமை ஆனா கல்யாண விருந்துல மைக் பிடிக்கிறேன். மாப்பிள்ளைய கிண்டல் பண்ணி, பொண்ணோட மாமாவ கிண்டல் பண்ணி, கடைசியில என்னையே கிண்டல் பண்ணிட்டு எறங்கிருவேன். அந்தப் பழக்கத்துல, எங்க சபைப் பெரியவரு டிரெசரோட சவப்பெட்டிக்குப் பக்கத்துல நின்னும் அதையேதான் செஞ்சேன். அவரோட அவுன்ஸ் கிளாஸ் கதைய எடுத்து விட்டேன். கூடாரத்துல இருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க. பாஸ்டர் வாயப் பொத்திக்கிட்டு தோளு குலுங்கச் சிரிச்சாரு. பின்வரிசையில ஒரு அங்கிள் கைய தட்டிட்டு, அப்புறம் எங்க இருக்கோம்னு ஞாபகம் வந்து மடியில வச்சுக்கிட்டாரு. நான் பூரிச்சுப் போயிட்டேன். ஸ்பீக்கர் வயர சுத்திக்கிட்டே, இத அடுத்த கல்யாணத்துலயும் சொல்லலாமேன்னு நெனச்சேன்.

அங்க சொன்னது பாதி. மீதியையும் சேத்து இங்க எழுதுறேன்.

டிரெசர்னா எஸ்டேட் ஆஸ்பத்திரியில மருந்து கலக்கிக் குடுக்கிறவரு. பெரிய டாக்டரு எப்பவாவது கார்ல வந்து எட்டிப் பாத்துட்டுப் போவாரு. மத்த நாளெல்லாம் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் டிரெசர்தான். எங்காளு புக்கிட் செலம்பாவ் பக்கத்துல ஒரு எஸ்டேட்ல அப்படி இருந்தவரு. எஸ்டேட்ட வித்து, ஆஸ்பத்திரிய மூடி, சனங்க நாலா பக்கமும் போனப்ப, இவரு சுங்கைப்பட்டாணியில ஒரு தாமான் குடியிருப்புல வரிசை வீடு வாங்கிக்கிட்டு வந்துட்டாரு. வரும்போது ஆஸ்பத்திரியில இருந்து ஒரே ஒரு சாமான எடுத்துக்கிட்டு வந்தாரு. இருமல் மருந்து அளக்குற அவுன்ஸ் கிளாஸ். தடிச்ச கண்ணாடி, கீழ ஒடுங்கி மேல விரிஞ்சு, பக்கத்துல கோடு கோடா செதுக்கியிருக்கும்.

தெனம் சாயங்காலம் ஜெபம் முடிஞ்சதும் அதுல ஒரு அவுன்ஸ் பிராந்தி. அவ்வளவுதான். நான் பாத்த வரைக்கும் ஒரு நாளும் ரெண்டாவது அவுன்ஸ் கெடையாது. ஊத்தற விதம் இருக்கே, அதுக்கு டிக்கெட் போடலாம். கிளாஸ மேசையில வச்சு, ஊத்தி, பாட்டில கீழ வச்சிட்டு, ரெண்டு முட்டியையும் மடக்கி, கண்ணக் கோட்டுக்கு நேரா கொண்டு வருவாரு. நின்னுக்கிட்டுப் பாத்தா அளவு பொய் சொல்லுமாம். கோட்டுக்கு மேல ஒரு சொட்டு இருந்தா, சொட்டு மருந்துக் குழாயால உறிஞ்சி பாட்டில்ல திருப்பி விட்டுருவாரு.

சாவு வீட்டுல நான் விட்ட ஜோக் இதுதான்: "நம்ம சபையில முட்டி வலிக்குதுன்னு சொல்லி ஜெபத்துக்கு முட்டி போடாத ஒரே ஆளு நம்ம டிரெசர். ஆனா பிராந்திய கண்டா அந்த வலி சொஸ்தமாயிடும்!"

சிரிப்பு வராம என்ன செய்யும்.

அவருக்கு எல்லாத்துக்கும் ஒரு கோடு இருந்துச்சு. தேத்தண்ணியில சீனி கரண்டி மட்டத்துக்கு, விரலால வழிச்சு விட்டு. கோபம் வந்தா ஒரு வாக்கியம். அவரு சம்சாரம் செத்தப்ப பெட்டிய மூடுறதுக்கு முன்னால கைக்குட்டைய எடுத்தாரு, எடது கண்ண தொடச்சாரு, வலது கண்ண தொடச்சாரு, நாலா மடிச்சு பையில வச்சாரு. அதோட சரி. என் வீட்டுக்காரி வர்ற வழியெல்லாம் கார்ல பொலம்பிக்கிட்டே வந்தா: "என்னா மனுசன் லா இவரு? அழுகையக்கூட அளந்தா எடுப்பாரு?" நான் அப்ப அவரு பக்கம்தான் பேசினேன். எனக்கு அவர ரொம்பப் பிடிக்கும். என்ன மாதிரி வாயும் வயிறும் அடங்காத ஆளுங்களுக்கு அப்படி ஒரு ஆள பாத்தா ஒரு மயக்கம் வரும்.

மயக்கம்னா, எனக்கு அதுல ஒரு சுயநலமும் இருந்துச்சு. எனக்கு பீர் பிடிக்கும். எங்க பாஸ்டரு குடி விஷயத்துல கெட்டி. தொட்டாலே பாவம்னு பிரசங்கம் பண்ணுவாரு. எஸ்டேட்ல சம்சுச் சாராயம் குடிச்சு கண்ணு போன ஆளுங்களையும், சம்பள நாளன்னிக்கு அடி வாங்கின பொம்பளைங்களையும் பாத்து வளந்தவரு, அப்படித்தான பேசுவாரு. அவர்கிட்ட வேதத்த வச்சு எதுத்துப் பேச எங்க சபையில ஒரு ஆளு வேணும்னா அது டிரெசர்தான். நான் பக்கத்துல நின்னு வாய் பாத்துக்கிட்டே, மனசுக்குள்ள என் பீருக்கு ஞானஸ்நானம் குடுத்துக்கிட்டு இருப்பேன்.

ஒரு ஞாயித்துக்கெழமை ஆராதனை முடிஞ்சு வாசல்ல காப்பி குடிக்கும்போது நடந்தது.

"கானாவூர் கல்யாணத்துல ஆண்டவர் தண்ணிய என்னவா மாத்தினாரு பாஸ்டர்?"

"புளிக்காத பழரசம் ஐயா. ஜூஸ்."

"ஜூஸ்னா பந்திய கவனிக்கிற ஆளு ருசி பாத்துட்டு ஏன் அவ்வளவு ஆச்சரியப்படணும்? எந்தக் கல்யாணத்துல ஜூஸ்ஸ குடிச்சிட்டு மாப்பிள்ளைய தனியா கூப்பிட்டுப் பாராட்டியிருக்காங்க?" என்ன திரும்பிப் பாத்தாரு. "தம்பி, நீ எத்தனை கல்யாணத்துல மைக் பிடிச்சிருக்க, சொல்லு."

"ஜூஸ் குடுத்த கல்யாணத்துல என் ஜோக்குக்கே யாரும் சிரிக்கிறதில்ல ஐயா"ன்னேன்.

பாஸ்டர் சிரிக்கல. "பவுல் தீமோத்தேயுவுக்கு வயித்துக்குக் கொஞ்சம் எடுத்துக்கன்னு சொன்னாருன்னு அடுத்து சொல்லுவீங்க. தெரியும். அதே பவுல்தான் ரோமாபுரி சபைக்கு என்ன சொன்னாரு? நான் சாப்பிடறதும் குடிக்கிறதும் பக்கத்துல இருக்கிற பலவீனமான சகோதரனுக்கு இடறலா இருந்தா, அது வேண்டாம்னுதான சொன்னாரு? நீங்க நிப்பீங்க ஐயா. ஒங்களப் பாத்து குடிக்கிறவன் விழுந்துட்டா?"

டிரெசர் காப்பிக் கோப்பைய தட்டு மேல சத்தமில்லாம வச்சாரு. "பலவீனம்னு ஒரு வியாதி கெடையாது பாஸ்டர். நாப்பது வருசமா நாடி பிடிச்சவன் சொல்றேன். நிறுத்த முடியாதவன்னு ஒருத்தனும் இல்ல. நிறுத்த மாட்டேன்னு அடம் பிடிக்கிறவன்தான் இருக்கான்."

அன்னிக்கு எங்களுக்கெல்லாம் அது பெரிய பேச்சா தெரிஞ்சுச்சு. பாஸ்டர் அடுத்த மாசத்துல இருந்து திருவிருந்துல திராட்சரசத்த நிறுத்திட்டு சர்பத் ஊத்த ஆரம்பிச்சாரு. டிரெசர் மத்தவங்க மாதிரி மண்டியிடாம, வழக்கம் போல நின்னே வாங்கிக் குடிச்சிட்டு, வாசல்ல பாஸ்டர் கைய குலுக்கும்போது சொன்னாரு: "இன்னிக்கு சீனி கொஞ்சம் தூக்கல்."

அந்தத் தைரியம் அவருக்கு வெறும் வேதத்துல இருந்து வரல. எஸ்டேட்ல ரப்பர் மரம் சீவி பால் எடுக்கிற மரம்வெட்டி ஒருத்தர் இருந்தாராம். விடிஞ்சா சம்சு, பொழுது சாஞ்சா சம்சு. கையெல்லாம் நடுக்கம், மரத்துல கத்திய வைக்க முடியாது. வேலைய விட்டு அனுப்புறதுக்கு தயாராயிட்டாங்க. டிரெசர் மேனேஜர்கிட்ட போய் அவகாசம் கேட்டு, அந்த ஆள தெனமும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வரச் சொல்லி, அதே கிளாஸ்ல, தன் கையாலேயே அளந்து குடுத்திருக்காரு. முதல்ல மேல் கோட்டுக்கு. அப்புறம் அதுக்குக் கீழ. கோடு கோடா எறக்கி, கடைசியில ஒரு நாள் வெறும் கிளாஸ அவரு கையில குடுத்து "இன்னிக்கு இதுதான் அளவு"ன்னாராம். அந்த ஆளு பொழச்சுக்கிட்டாரு. பேரப்புள்ள எடுத்தாரு.

டிரெசரால ஒருத்தர் பொழச்சாரு. பின்னால நடந்த எல்லாத்துக்கும் அதுதான் காரணம்.

டிரெசருக்கு ஒரே மகன். நல்லா பாடுவான். ஃபேக்டரியில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். கல்யாணத்துக்கு நான்தான் மைக். அப்பவே அவன் கையில கிளாஸ் இருந்துச்சு, ஆனா அன்னிக்கு எல்லார் கையிலயும் இருந்துச்சு. அப்புறம் அவன் கையில மட்டும்தான் இருந்துச்சு. வேலை போச்சு. பொண்டாட்டி ஜித்ராவுல அம்மா வீட்டுக்குப் போயிட்டா. டிரெசர் அந்த மரம்வெட்டிக்கு செஞ்ச வைத்தியத்தையே மகனுக்கும் செஞ்சு பாத்தாரு. கிளாஸ்ல அளந்து குடுப்பாரு. அவன் மரியாதையா வாங்கிக் குடிச்சிட்டு, பாசார் பின்னால இருக்கிற சாராயக்கடையில மீதிய முடிச்சிட்டு வருவான். டிரெசர் அத வியாதின்னு சொல்லல. அடம்னுதான் சொன்னாரு.

அவன காப்பாத்தினது வேற ஒரு சபை. டயர் கடை மாடியில, டிரம்ஸ் வச்சு, கை தட்டி, ராப்பகலா ஜெபம் பண்ற சின்ன சபை. கூட வேலை பாத்த ஒருத்தன் இழுத்துட்டுப் போயிருக்கான். அங்க அவங்களுக்கு ஒரே சட்டம்: ஒரு சொட்டும் கூடாது. கல்யாணத்துல கூடாது, கிறிஸ்துமஸ்ல கூடாது, மருந்துலயே இருந்தாலும் பாட்டில திருப்பி லேபிளப் படி. அவன் கை நடுங்கி, வாந்தி எடுத்து, அந்த மாடியிலேயே பாய் போட்டுப் படுத்து, ஒரு வழியா நின்னான். ஃபேக்டரியில திரும்ப சேத்துக்கிட்டாங்க. பொண்டாட்டி திரும்பி வந்தா. சட்டைப் பையில எப்பவும் அசாம்பொய் வச்சிருப்பான், அந்த உப்பும் புளிப்புமா காஞ்ச பழம். நாக்கு கேக்கும்போது ஒண்ண எடுத்து வாயில அடக்கிக்குவான். பேசும்போது கொட்டை பல்லுல தட்டுற சத்தம் கேக்கும்.

டிரெசருக்கு சந்தோசம்தான். ஆனா அந்த டிரம்ஸ் சபை அவருக்கு ஒப்பல. "பயத்துல நிக்கிறது நிக்கிறது இல்ல தம்பி"ன்னு என்கிட்ட சொன்னாரு. "வெலங்கு போட்டு வச்சிருக்காங்க. வெலங்க கழட்டினா ஓடிருவான். அளவோட நிக்கணும். அதுதான் விடுதலை."

மகன்கிட்டயும் சொல்லியிருக்காரு. அவன் சொன்ன பதில அவனே எனக்கு ஒரு நாள் கோப்பிக் கடையில சொன்னான்: "அப்பாவுக்கு ஒரு அவுன்ஸ்ல முடியுதுண்ணே. எனக்கு ஒரு அவுன்ஸ்ல ஆரம்பிக்குது. இத எப்படி அவருக்குப் புரிய வைக்கிறது?"

நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்ல. ஏதாவது ஜோக் அடிச்சிருப்பேன்.

இப்ப அந்தக் கிறிஸ்துமஸ்.

டிரெசர் வீட்டுல கிறிஸ்துமஸ் மதியத்துக்கு ஒரு வழக்கம். ஆராதனை முடிஞ்சு வர்ற ஆம்பளைங்க எல்லாரையும் வயசு வரிசையில கூப்பிடுவாரு. அதே கிளாஸ். ஒவ்வொருத்தருக்கும் ஒரு அவுன்ஸ் அளந்து, முட்டி மடக்கிப் பாத்து, கையில குடுத்து, "கர்த்தர் நல்லவர்"னு சொல்லுவாரு. குடிச்சதும் கிளாஸ சுடுதண்ணியில கழுவி அடுத்த ஆளு. பாஸ்டர் மட்டும் வர மாட்டாரு. மத்தபடி ஒருத்தரும் மறுத்ததில்ல. அத மறுக்கிறது அவரையே மறுக்கிற மாதிரி.

என் முறை முடிஞ்சுது. எனக்கப்புறம் இன்னும் ரெண்டு பேரு. அப்புறம் டிரெசர் மகனப் பாத்தாரு.

"வாய்யா."

"வேணாம்பா."

அவன் சுவத்துல சாஞ்சு நின்னான். கன்னத்துல அசாம்பொய் உப்பியிருந்துச்சு. சமையக்கட்டுல இருந்து அவன் பொண்டாட்டி வெளிய வந்தா, கையில கறிக் கரண்டி. "மாமா, அவருக்கு வேணாம் மாமா."

"கறி அடி பிடிக்கப் போகுதும்மா, போய்ப் பாரு"ன்னாரு டிரெசர், அவள பாக்காமலே. அப்புறம் மகன்கிட்ட, நாங்க எல்லாரும் கேக்குற மாதிரி: "ஒங்க சபையில நீ எந்திரிச்சு நின்னு சாட்சி சொன்னியாமே. ஆண்டவர் என்ன சுகமாக்கிட்டாருன்னு."

"ஆமாப்பா."

"சுகமான ஆளு ஒரு அவுன்ஸ பாத்து ஏன் பயப்படணும்? காலு சுகமாயிருச்சுன்னு சொல்றவன எந்திரிச்சு நடன்னு சொன்னா நடக்கணும்ல? இல்ல, நீ சொன்ன சாட்சி பொய்யா?"

ஃபேன் சத்தம் மட்டும் கேக்குது. அவன் கிளாஸப் பாக்கல. எங்க மூஞ்சிய ஒவ்வொண்ணா பாத்தான். யாராவது ஒருத்தர் 'விடுங்க ஐயா'ன்னு சொல்ல மாட்டாங்களான்னு பாத்தான். இப்ப எனக்கு அப்படித் தோணுது. அப்ப எனக்குத் தோணினது ஒண்ணுதான்: இங்க ஒரு ஜோக் வேணும். அமைதின்னா எனக்கு ஆகாது, மைக் பிடிக்கிறவன் வியாதி அது.

"குடிச்சிரு லா தம்பி, இல்லன்னா டிரெசர் பின்பக்கம் ஊசி போட்டுருவாரு!"

எல்லாரும் ஓன்னு சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். வாயில இருந்த கொட்டைய எடுத்து உள்ளங்கையில வச்சு மூடிக்கிட்டான். வந்து கிளாஸ வாங்கினான். குடிச்சான்.

ஒண்ணும் நடக்கல. கூரை இடிஞ்சு விழல. அவன் கிளாஸ திருப்பிக் குடுத்துட்டு நின்னான். டிரெசர் காலிக் கிளாஸ வெளிச்சத்துல தூக்கிக் காட்டினாரு. "பாத்தீங்களா? நின்னுட்டான்! என் மகன் நின்னுட்டான்!" அப்புறம் எல்லார் முன்னாடியும் அவன் தலைய ரெண்டு கையாலயும் பிடிச்சு நெத்தியில முத்தம் குடுத்தாரு. விடவே இல்ல. கண்ணு ஒழுகுது, கைக்குட்டைய எடுக்கணும்னு அவருக்குத் தோணல. அந்த மனுசன் தன் கோட்டத் தாண்டி நான் பாத்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தக் கொட்டைய அவன் திரும்ப வாயில போடல. கையிலேயே மூடி வச்சிருந்தான்.

அதுக்கப்புறம் அவன் அப்பா வீட்டுக்கு சாயங்காலத்துல வர ஆரம்பிச்சான். ரெண்டு பேரும் உக்காந்து ஆளுக்கு ஒரு அவுன்ஸ். டிரெசர் சபையில சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாரு. "இப்ப பிசாசப் பாத்த மாதிரி ஓடறதில்ல. என்னோட உக்காந்து அளவா எடுக்கிறான். ஜெபத்துல ஆமென் சொல்லிட்டுத்தான் எடுக்கிறான்." அங்க இருந்து எந்திரிச்சு அவன் நேரா பாசார் பின்னாடி போறது எங்க எல்லாருக்கும் தெரியும். பாத்தவங்க இருந்தாங்க. யாரும் அவர்கிட்ட சொல்லல. அவ்வளவு சந்தோசமா இருக்கிற ஆள்கிட்ட யாரு போய்ச் சொல்றது? டயர் கடை மாடி ஆளுங்க ரெண்டு மூணு தடவ வீட்டுக்கு வந்து கூப்பிட்டுப் பாத்தாங்க. அவன் பின்வாசல் வழியா போயிட்டானாம்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவன் இல்ல. ஈரல். அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில கெடந்தான், வயிறு மட்டும் பெருசா, மத்ததெல்லாம் குச்சியா. டிரெசரோட நானும் பாக்கப் போனேன். அவரு கட்டில் பக்கத்துல நின்னு, கட்டை விரலால மகனோட கண்ணுக்குக் கீழ இழுத்துப் பாத்தாரு. எஸ்டேட்ல ஆயிரம் பேருக்குப் பாத்த அதே விரல். கண்ணு மஞ்சளா இருந்துச்சு. விரல எடுத்துட்டு, போர்வைய கழுத்து வரைக்கும் இழுத்து சரி பண்ணிட்டு, வெளிய வந்துட்டாரு. கார்ல ஏறி பெல்ட்ட மாட்டிட்டு சொன்னாரு:

"நான் ஒரு அவுன்ஸ்தான் குடுத்தேன் தம்பி. கோட்டுக்கு மேல ஒரு சொட்டு கூட இல்ல. நீ பாத்தல்ல?"

"பாத்தேன் ஐயா"ன்னேன். பாத்தது உண்மைதான்.

மகன அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்கு சாயங்காலம் நான் அவரோட வீட்டுல இருந்தேன். ஜெபம் பண்ணாரு. கிளாஸ எடுத்தாரு. ஊத்தினாரு, முட்டிய மடக்கினாரு, கண்ணக் கோட்டுக்கு நேரா கொண்டு வந்தாரு. நான் அவரு கையவே பாத்துக்கிட்டு இருந்தேன். நடுங்கும்னு பாத்தேன். நடுங்கணும்னு ஆசைப்பட்டேன்னுகூட சொல்லலாம். நடுங்கல. கொஞ்சம் கூடிப் போச்சு, குழாயால உறிஞ்சி பாட்டில்ல விட்டாரு. குடிச்சாரு. கழுவிக் கவுத்து வச்சாரு.

அவரு பாவின்னு நான் சொல்ல மாட்டேன். வேதத்துல அவரு சொன்னதும் இருக்கு, பாஸ்டர் சொன்னதும் இருக்கு. எனக்கு அதுல தீர்ப்பு சொல்ற படிப்பு இல்ல. நான் இன்னிக்கும் பீர் குடிக்கிறேன், ரெண்டோட நிறுத்திக்கிறேன். அது என் கெட்டிக்காரத்தனம் இல்ல, நான் பொறந்த விதம் அப்படி. அவருக்கும் அதேதான். கையில கெடைச்சத சம்பாதிச்சதா நெனச்சிக்கிட்டாரு.

அதுக்கப்புறமும் கிறிஸ்துமஸ் வந்துச்சு. டிரெசர் எல்லாரையும் வழக்கம் போல வீட்டுக்குக் கூப்பிட்டாரு. பாதிப் பேரு ஏதோ சாக்கு சொல்லிட்டாங்க. நான் போனேன். என் முறை வந்தப்ப வாங்கிக் குடிச்சேன். நல்ல பிராந்தி.

மருமக ஜித்ராவுக்கே திரும்பிப் போயிட்டா. அங்க ஒரு ஸ்கூல் கேண்டீன்ல சமையல். அதுக்கப்புறம் நான் அவள பாத்தது டிரெசர் சாவுலதான். மொத ஆளா வந்து கடைசி வரைக்கும் இருந்தா. பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்திருந்தா. நான் முட்டி ஜோக் சொன்னப்ப அவ சிரிச்சாளா இல்லையான்னு நான் கவனிக்கல. மைக் பிடிக்கிறவன் சிரிக்கிற மூஞ்சிங்களத்தான் பாப்பான்.

அடக்கம் முடிஞ்சு எல்லாரும் கெளம்பிட்டாங்க. நான் ஸ்பீக்கர காருக்குத் தூக்கிட்டுப் போறேன். அவ வந்து காரோட பின்பக்க மூடிய திறந்து பிடிச்சா. ஸ்பீக்கர உள்ள வச்சேன். இப்ப ஏதாவது சொல்லுவா, நல்லா பேசினீங்கன்னு சொல்லுவான்னு நெனச்சு, அதுக்குச் சொல்ல வேண்டிய அடக்கமான பதிலக்கூட தயார் பண்ணி வச்சிருந்தேன்.

அவ கார் மூடிய சாத்தினா.

"எவ்வளவு நேரம் பேசினீங்கண்ணே. என் வீட்டுக்காரர் பேர ஒரு தடவகூட சொல்லல."